பெயர் கேட்காத ஆஸ்பத்திரி

கொழும்புத் துறைமுகத்தை அடுத்த ஓர் ஆஸ்பத்திரியில் நான் அப்போதிக்கரி. மருந்து கலக்குவதும் காயம் கட்டுவதும், டாக்டர் இல்லாத நேரத்தில் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதும் என் வேலை. பிறந்தது யாழ்ப்பாணம். அக்கரைச் சீமைக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்ததே இல்லை. எங்கள் வீட்டில் அந்த ஆசை முழுவதும் என் தங்கை அன்னம்மாவுக்கே போய்விட்டது. சென்னையில் வைத்தியம் படித்துத் தேறி, திருநெல்வேலிச் சீமையில் தாம்பிரபரணிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் பெண்கள் ஆஸ்பத்திரியைப் பொறுப்பேற்று அங்கேயே தங்கிவிட்டாள். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஐரோப்பிய யுத்தம் உச்சத்தில் இருந்தபோது அவளிடமிருந்து தந்தி வந்தது. மருந்து வேண்டும், யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நானே கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

எந்த மருந்து என்று எனக்குத் தெரியும். கிரந்தி என்றும் மேகவியாதி என்றும் ஊரில் தணிந்த குரலில் சொல்கிறார்களே, அந்த நோய்க்கு ஜெர்மானியர் கண்டுபிடித்த ஊசி மருந்து. கண்ணாடிக் குழாய்க்குள் மஞ்சள் தூளாக இருக்கும். அதுவரை அந்த நோய்க்குப் பாதரசம்தான் கதி. பல் ஆடும், வாய் வெந்துபோகும், நோய் பாதி போகும், ஆள் முக்கால் போவான். இந்த ஊசி வந்தபின் நிலைமை மாறியது. யுத்தம் தொடங்கியதும் ஜெர்மன் சரக்கு நின்றது. வேறு வழியில் வந்த கொஞ்சமும் பட்டாளத்துக்கு மட்டும் என்று சர்க்கார் உத்தரவாயிற்று. கொழும்பில் ஒரு மருந்து வணிகர் ஜப்பானிலிருந்து தருவித்து வைத்திருந்தார். எங்கள் டாக்டரின் சிபாரிசோடு வாங்கிப் பஞ்சில் பொதிந்து, தகரப் பெட்டியில் அடுக்கி, அதை ஒரு தேயிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கப்பலேறினேன்.

தூத்துக்குடியில் சுங்கச் சாவடிக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன?"

"மருந்து."

"என்ன சீக்குக்கு?"

சொன்னேன். பெட்டியின் மேலிருந்த கையைச் சட்டென்று எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மருந்து ஒட்டாது ஐயா, நோய்தான் ஒட்டும்" என்றேன்.

"அதுக்கில்ல அண்ணாச்சி. ஆளு பாத்துட்டா நான் வாங்குதேம்னு நெனச்சிருவாம்லா" என்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறக்காமலே போகச் சொன்னார். அந்த நோயைப் பற்றிய பயத்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

அன்று மாலை திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனில் இறங்கி, வாசலில் விற்ற அல்வாவை வாழையிலைத் துண்டில் வாங்கிச் சாப்பிட்டேன். கொழும்பில் தொதல் என்றொரு இனிப்பு உண்டு. நல்ல பண்டம்தான், ஆனால் பல்லுக்கு வேலை வைக்கும். இந்த அல்வா பல்லை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. நெய் முழங்கைவரை வழிந்தது. கையைக் கழுவப் பாலத்தடிக்கு இறங்கினேன். யாழ்ப்பாணத்தானுக்கு ஆறு என்பது புத்தகத்தில் உள்ள விஷயம்; எங்களுக்குக் கிணறும் துலாவும்தான். கையைக் கழுவ வந்தவன் முழங்கால் நனைய நின்றுவிட்டேன். பெட்டி மட்டும் தோளில் இருந்தது.

"யாருவே அது, பெட்டியத் தூக்கிட்டுத் தண்ணிக்குள்ள நிக்கது?" என்று துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

"புதுசா ஆத்தப் பாக்காரு போல. வெளியூரு" என்றார் மற்றவர்.

மறுநாள் காலை ரயிலில் மேற்கே போனேன். இரண்டு பக்கமும் நெல். எதிரே மலை நெருங்கி வந்துகொண்டே இருந்தது. இறங்கிய ஸ்டேஷனில் தங்கை அனுப்பிய வில்வண்டியும் அதன் வண்டிக்காரரும் காத்திருந்தார்கள். பெயர் சுடலைமுத்து. முப்பது வயதிருக்கும். காக்கிக் கால்சட்டையைத் தொடையோடு வெட்டிப் போட்டிருந்தார். பட்டாளத்தோடு கோவேறு கழுதை ஓட்ட, கடலுக்கு அப்பால் யுத்தம் நடந்த பஸ்ராவரை போய் வந்தவராம்.

"அங்கன கழுதைக்குக் கூட ரேசன் உண்டு அண்ணாச்சி. எங்களுக்குத்தான் சில நாளு உண்டும், சில நாளு இல்ல" என்றார்.

வழியில் ஒரு வாய்க்காலை வண்டி இறங்கிக் கடக்க வேண்டியிருந்தது. நட்ட நடுவில் கடையாணி கழன்று ஒரு சக்கரம் தனியாகப் போயிற்று. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் குதித்தேன். சுடலைமுத்து சாய்ந்த பக்கத்தில் தோளைக் கொடுத்து நின்றார்.

"பெட்டியப் பாத்துக்கிடுங்க. வண்டிய நான் பாத்துக்கிடுதேன். பையப் போங்க, பாசி வழுக்கும்" என்றார்.

கரையேறியபின், "பெட்டிமேல் என்னைவிட உமக்கு அக்கறை" என்றேன்.

"உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றார்.  சக்கரத்தைத் தேடி எடுத்து, பூவரசங்கொம்பை ஒடித்து ஆணியாக முறுக்கி, ஊர் சேர்த்தார்.

தங்கை ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். கண்டு ஐந்து வருடம் ஆகிறது. காதோரம் நரைத்திருந்தது.

"அண்ணை, பெட்டி பத்திரமோ?"

"முதல் என்னைக் கேப்பாய் எண்டு நினைச்சன்."

"உங்களைத்தான் கண்ணால காணுறனே. பெட்டிக்குள்ள இருக்கிறதைத்தான் காணேல்லை."

பிரித்துப் பார்த்தோம். ஒரு குழாயில் கீறல் விழுந்திருந்தது. காற்றுப் பட்டால் அந்த மருந்து விஷம். அவள் அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னாள். மற்றவை நன்றாக இருந்தன. அப்போதுதான் சிரித்தாள்.

அன்று பகல் சாப்பாட்டில் சொதி என்று ஒன்றை ஊற்றினாள். எங்கள் சொதி தண்ணீர் போல இருக்கும், இடியப்பத்துக்கு ஊற்றிக்கொள்வோம். இது பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் கெட்டித் தேங்காய்ப்பாலுமாகக் கிண்ணத்தில் நின்றது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல்.

"இது சொதியோ? கலியாணக் குழம்பு மாதிரியெல்லோ இருக்கு" என்றேன்.

"மெல்லக் கதையுங்கோ. இந்த ஊர்ச்சனம் கேட்டால் உங்களைத் திருப்பிக் கப்பலேத்திப் போடுவினம்" என்றாள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி நடப்பதைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது இதுதான்: அந்த வாசலில் யாரும் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. பிரசவத்துக்கு வந்தவள், கண்வலிக்கு வந்தவள், கிரந்திக்கு வந்தவள் எல்லாரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். உள்ளே போனபின் யாருக்கு என்ன வைத்தியம் என்பது தங்கைக்கும் ஆயா மாடத்திக்கும் மட்டுமே தெரியும். இன்னொன்றும் கண்டேன். பெண்கள் ஆஸ்பத்திரி என்று பெயரே தவிர, பெஞ்சின் ஓரத்தில் சில ஆண்களும் இருந்தார்கள். மனைவிக்கு ஊசி போட்டால் புருஷனுக்கும் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தருக்கும் குணமில்லை என்று தங்கை வைத்திருந்த சட்டம் அது.

எங்கள் துறைமுகத்து ஆஸ்பத்திரியில் மாலுமிகளுக்கு மருந்து கொடுப்போம். அவர்கள் மனைவிமார் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று சொல்லித் தந்தவரும் இல்லை.

மாடத்தி ஐம்பது வயதுக்காரி. பஞ்சு சுற்றிக்கொண்டே பழைய கதை சொன்னாள். அவள் சிறுமியாக இருந்தபோது, பட்டாளம் தங்கியிருந்த ஓர் ஊரில் அவள் தாய் இருந்திருக்கிறாள். அப்போது சர்க்காரில் ஒரு சட்டம். சிப்பாய்களுக்கு நோய் வந்தால் பெண்களைத்தான் பிடிப்பார்கள். பெயரைப் பதிந்து, சீட்டுக் கொடுத்து, கான்ஸ்டபிள் வைத்துக் கூட்டிப்போய்ச் சோதிப்பார்கள். நோய் இருந்தால் பூட்டி வைப்பார்கள்.

"எங்கம்மைக்கு ஒரு சீக்கும் கெடையாது. அடுத்த வீட்டுக்காரி சண்டையில சொல்லிக் குடுத்துட்டா. ஒரு மாசம் உள்ள போட்டுட்டாவ. வெளிய வந்தப்பறம் ஊருல ஒருத்தரும் தண்ணி குடுக்கல. என்னையத் தூக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா இங்கன ஓடியாந்தா."

"சிப்பாய்களை என்ன செய்தார்கள்?"

"அவுகளுக்கு என்ன, அடுத்த ஊருக்கு மாத்திட்டாவ."

பிறகு அந்தச் சட்டத்தைச் சர்க்கார் எடுத்துவிட்டது. எடுத்தபோது ஆஸ்பத்திரியையும் சேர்த்து மூடிவிட்டது. பிடிப்பதும் இல்லை, மருந்தும் இல்லை. தங்கை இங்கே வந்தபோது முதல் வருடம் முழுவதும் சர்க்கார் ஆஸ்பத்திரி என்றாலே பெண்கள் எட்டிப் பார்க்கவில்லையாம். சட்டம் செத்துப் பல காலமாகியும் அதன் பயம் தாயிடமிருந்து மகளுக்குப் போய்க்கொண்டே இருந்தது. "அந்தப் பயத்துக்கு ஊசி இல்லை அண்ணை. வாசலைத் திறந்து வைச்சுக்கொண்டு பொறுமையாய் இருக்கிறதுதான் மருந்து" என்றாள்.

அன்று போட்ட முதல் ஊசி சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாளுக்கு. அவள் ஏழாம் மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் தூளைக் கரைத்துக் கொடுத்தேன், தங்கை போட்டாள். பக்கத்துக் கட்டிலில் சுடலைமுத்து கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். பஸ்ரா போனவர் ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கழுதை ஓட்டுதவரு. ஊசிக்குப் பயப்படுதாரே" என்றாள் பேச்சி.

"கழுத ஊசி போடாதுட்டி" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

ஊசியெல்லாம் முடிந்தபின்தான் தங்கை எனக்கு முழு விஷயத்தையும் சொன்னாள். மேலிடத்திலிருந்து உள்ளூர்ப் போர்டுக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது. யுத்தத்துக்கு ஆள் சேர்க்கிற வட்டாரங்களில் நோய் பரவாமல் தடுக்க, பெண்களைப் பதிந்து சோதிக்கும் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரலாமா, போர்டின் அபிப்பிராயம் என்ன? மறுநாள் கூட்டம். சரி என்று போர்டு எழுதினால் அவள் ஆஸ்பத்திரி வாசலில் கான்ஸ்டபிள் நிற்பான்.

"நிண்டால்?"

"அண்டைக்கே பெஞ்சு காலியாகும். நான் ஊருக்குத் திரும்பி வந்திடுவன்" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கூட்டம் பயணிகள் பங்களாவில் நடந்தது. தலைவரும் அங்கத்தினர்களும் நாற்காலிகளில் இருந்தார்கள். தங்கைக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், கொஞ்சம் தள்ளி. ஊர்ச்சனம் வராந்தாவில் ஜன்னலோரம் நின்றது; நானும் அங்கேதான். காரியதரிசி இங்கிலீஷ் கடிதத்தை வாசித்தார். சுருக்கம் இது: "படைகளின் ஆரோக்கியம் சாம்ராஜ்யத்தின் முதற்கவலை ஆகையால், சந்தேகத்துக்குரிய ஸ்திரீகளைக் கட்டுப்படுத்துவது உசிதமாக இருக்கலாம்." ஆண்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

முதலில் எழுந்தவர் நெல் அரைக்கும் மில் வைத்திருந்த அங்கத்தினர். தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி, கஞ்சி போட்ட வேட்டி. கெட்டவர் அல்ல, ஆஸ்பத்திரிக்கு இரண்டு கட்டில் வாங்கிக் கொடுத்தவரே அவர்தான் என்று பின்னால் அறிந்தேன்.

"டாக்டரம்மா மேல எனக்கு மரியாத உண்டு. ஆனா, பேரு கேக்காம மருந்து குடுத்தா ஊரு எப்படிச் சுத்தமாவும்? பொம்பளைகளப் பிடிச்சு அடைச்சாத்தான் சீக்கு நிக்கும். பழைய சட்டத்த எடுத்ததே தப்பு" என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆடின.

தங்கை எழுந்தாள். மேடைப் பேச்சு அவளுக்கு வராது. கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே பேசினாள்.

"பழைய சட்டம் இருந்தபோது பெண்கள் சிறைக்குப் பயந்து ஓடினார்கள். நோயும் அவர்களோடு ஊர் ஊராக ஓடிற்று. சட்டத்தை எடுத்தபோது மருந்தையும் எடுத்தார்கள். அப்போதும் நோய்தான் ஜெயித்தது. இப்போதுதான் முதல் தடவையாகப் பூட்டு இல்லாமல் மருந்து இருக்கிறது. தாங்களாக வருகிறார்கள். புருஷனையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். வாசலில் போலீஸை நிறுத்தினால் நோய் குறையாது. என் கண்ணில் படுகிற நோயாளிதான் குறைவாள்."

"புருஷன் வாரான்னு சொல்லுதீங்க. எந்த மானமுள்ள ஆம்பள வருவான்?" என்று மில்காரர் கேட்டார்.

வந்தவர்களின் பெயர்கள் தங்கைக்குத் தெரியும். யார் பெயரையும் சொல்லுவதில்லை என்பது அவள் வாக்கு. 

"நான் வந்தேன்" என்று என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

சுடலைமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோளில் துண்டு இருந்தது. அவரைப் போன்றவர்கள் அந்தப் பெரியவர்கள் முன்னால் துண்டை எடுக்காமல் பேசுவது வழக்கமில்லை.

"சீக்கக் கொண்டாந்தது நான். பட்டாளத்துலேருந்து கொண்டாந்தேன். எம் பொஞ்சாதி இந்த ஊரு எல்லையத் தாண்டுனதில்ல. அவளப் பிடிச்சு அடைச்சா எந்தச் சீக்கு நிக்கும்? ரெண்டு பிள்ளையக் குழியில வச்சோம். ஒண்ணு நான் பஸ்ரா போவுததுக்கு முன்னாலயே. கூலிக்கு வெளியூரு போன எடத்துலயும் நான் ஒழுங்கா இல்ல. பட்டாளத்துக்கு மட்டுந்தான் மருந்துங்காவ. பட்டாளத்துலேருந்து திரும்பி வந்தவன் பொஞ்சாதிக்கு யாரு குடுப்பா? அந்தம்மாதான் குடுத்தாவ. எம் பேரு சுடலைமுத்து. எழுதிக்கிடணும்னா எம் பேர எழுதிக்கிடுங்க."

 என் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் விலகினார்கள். அவர் தனியாக நின்றார். நான் போய் அவர் அருகில் நின்றேன். அதற்குமேல் என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

தலைவர் கையைத் தூக்கச் சொன்னார். பழைய முறை வேண்டாம் என்று பெரும்பாலான கைகள் எழுந்தன. மில்காரர் கை எந்தப் பக்கமும் எழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பட்டாளத்துக்கு ஒதுக்குகிற மருந்தில் ஒரு பங்கை அந்தப் பட்டாளத்தார் குடும்பங்களுக்கும் விட வேண்டும் என்று தலைவர் தானாகவே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். இங்கிலீஷில் எழுதிப் படித்தார்கள். தங்கை ஒரு சொல்லை மட்டும் திருத்தினாள்: "ஸ்திரீகள்" என்று இருந்ததை "ஸ்திரீ புருஷர்கள்" என்று மாற்றச் சொன்னாள். மாற்றினார்கள்.

நான் நிறையக் கப்பல்களைப் பார்த்தவன். கவர்னர் துரைகள் இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். அன்று மாலை என் தங்கையும் வண்டிக்காரரும் அந்த வராந்தாப் படியில் இறங்கி வந்ததைப் போல எதையும் நெஞ்சு நிமிர்ந்து பார்த்ததில்லை. அவள் அவரிடம், "நீங்க சொல்லியிருக்க வேண்டாமே" என்றாள். "நீங்க சொல்லமாட்டீங்கன்னு தெரியுமுல்லா" என்றார் அவர்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போர்டின் அபிப்பிராயத்தால்தானா, மற்ற ஊர்களும் அப்படியே எழுதியதாலா, எனக்குத் தெரியாது. அந்த வட்டாரத்தில் பழைய முறை திரும்பவில்லை. மருந்தில் பங்கு வர ரொம்ப நாளாயிற்று. அதுவரை கொழும்பிலிருந்து நான் கிடைத்த மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். பேச்சிக்குப் பெண் பிறந்தது. நன்றாக அழுகிறது என்று தங்கை எழுதினாள்.

கூட்டத்துக்கு அடுத்த நாள்தான் நான் புறப்பட வேண்டியது. காலையில் பெஞ்சு பாதிக்குமேல் காலி. நேற்றைய பேச்சு ஊரெல்லாம் பரவி, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாரையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள் என்று பயந்துவிட்டார்கள் போலும். சுடலைமுத்து மட்டும் பேச்சியோடு வந்து உட்கார்ந்திருந்தார். தங்கை வாசலையே பார்த்தபடி பஞ்சை அடுக்கினாள்.

பத்து மணி வெயிலில், நடுத்தெருவழியாக, சலங்கை கட்டிய இரட்டை மாட்டுவண்டி ஒன்று வந்து நேரே முன்வாசலில் நின்றது. மில்காரர் இறங்கினார். பின்னால் அவர் மனைவி. தலைமுக்காட்டை இழுத்துவிட அந்த அம்மாள் கை போயிற்று. அவர் "வேண்டாம்" என்பதுபோல மெல்லத் தலையை அசைத்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். என்ன நோய்க்கு வந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன். பல்வலியாகவும் இருக்கலாம்.

மாடத்தி பதறிப்போய் உள்ளறைக் கதவைத் திறக்க ஓடினாள். தங்கை அவளைத் தடுத்தாள்.

"வாங்க. முன்னால வந்தவங்க இருக்காங்க. கொஞ்சம் உட்காருங்க" என்றாள் வாசலைப் பார்த்து.

மில்காரர் பெஞ்சைப் பார்த்தார். பேச்சி எழப்போனாள், தங்கை கண்ணாலேயே அவளை உட்காரச் சொன்னாள். சுடலைமுத்து கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மில்காரர் கஞ்சி போட்ட வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் பேச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள்.

தெருவில் நின்ற கூட்டத்திலிருந்து ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வந்திருந்த வாடகை வண்டிக்காரன் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சத்தம் கொடுத்தான். அடுத்த ரயிலுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு, சட்டையின் கையை மடித்துக்கொண்டு நான் தண்ணீர் கொதிக்க வைக்க உள்ளே போனேன்.